பேர் பெற்ற பேக்கரிக்கு முதல் தடவை போகும்போது

ஊரே பேசுகிற பேக்கரி ஒன்றுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள். வரிசையில் செல்போனைப் பார்த்தபடி நிற்பார்கள். முறை வந்ததும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துத் திகைப்பார்கள். பின்னால் நிற்பவர் தொண்டையைச் செருமியதும், கண்ணில் பளிச்சென்று பட்டதைக் காட்டி "அது ரெண்டு, இது ஒண்ணு" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் தின்று பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு கூட்டம்?" என்று கேட்பார்கள்.

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று பல வருஷம் ரொட்டி விற்றவள் நான். பெட்டிக்குள் பளிச்சென்று இருப்பது வேறு, அந்த நேரத்தில் அந்தக் கடையில் நன்றாக இருப்பது வேறு. முதல் தடவை போகிறவருக்கு இந்த இரண்டாவது கிடைக்க என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

போகிற நேரம்

பேக்கரியில் எது கிடைக்கும் என்பதைப் பெயர்ப்பலகை சொல்லாது, கடிகாரம்தான் சொல்லும். ஈஸ்ட் போட்ட மாவு உப்பி வர மணிக்கணக்கில் ஆகும் என்பதால் பிசைகிற வேலை இரவிலேயே தொடங்கிவிடும். பிரெட், பன், க்ராய்சன்ட் எல்லாம் விடியற்காலையில் அடுப்பை விட்டு வரும். மொறுமொறுப்பான ரொட்டிக்கு 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். கேக்குக்கு 170, 180 போதும். ஒரே அடுப்பை வைத்து ஓட்டுகிற கடையில் ரொட்டி வேலை முடிந்து சூடு தணிந்த பிறகுதான் கேக்கும் பிஸ்கட்டும் உள்ளே போகும். அவை ஆறி, க்ரீம் தடவி, துண்டு போட்டு வெளியே வர மதியம் ஆகிவிடும். காலை ஏழு மணிக்குப் பெட்டியில் இருக்கும் க்ரீம் கேக் பெரும்பாலும் நேற்றையது. அதில் குற்றமில்லை, சில கேக் ஒரு நாள் குளிரில் இருந்தால்தான் ருசி கூடும். ஆனால் அன்று செய்த கேக்தான் வேண்டும் என்றால் காலையில் போகாதீர்கள். அதே போல க்ராய்சன்ட் வாங்க மாலையில் போகாதீர்கள்.

கடை திறந்த முதல் ஒரு மணி நேரம் வாடிக்கையாளர்களுக்கானது. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியும், காசைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வரிசைக்குள் புதிதாக நுழைந்து யோசித்துக்கொண்டு நின்றால் நமக்கே கூச்சமாக இருக்கும். வார நாளில், காலை நெரிசல் ஓய்ந்து மதியக் கூட்டம் தொடங்குவதற்கு முன் போவது உத்தமம். ரொட்டி ஆறியிருக்கும், கேக் வரத் தொடங்கியிருக்கும், கவுன்டரில் நிற்பவருக்குப் பேச நாலு வார்த்தை மிச்சம் இருக்கும். பண்டிகைக்கு முதல் நாள் மட்டும் வேண்டாம். அன்றைக்கு எல்லாக் கடையும் நாலைந்து பண்டத்தை மலை மலையாகச் செய்து தள்ளிக்கொண்டிருக்கும். அன்று சாப்பிட்டதை வைத்து ஒரு கடையை எடை போட முடியாது.

"ரொட்டி ஆறியிருக்கும்" என்றதும் சிலருக்கு முகம் சுருங்கும். சுடச்சுட வேண்டும் என்றுதானே வந்தோம் என்பார்கள். இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் கவுன்டரில் நடக்கும் சண்டையில் பாதி இதனால்தான்.

அடுப்பை விட்டு வரும்போது ரொட்டியின் நடுப்பகுதி ஏறக்குறைய 95 டிகிரி சூட்டில் இருக்கும். உள்ளே நீராவி நிறைந்திருக்கும், மாவுச்சத்து இன்னும் கூழ் பதத்தில் இருக்கும். அது ஆறி இறுகினால்தான் ரொட்டிக்குள் இருக்கும் வலை நிற்கும். அதற்குமுன் கத்தி வைத்தால் சுவர்கள் ஒட்டிக்கொண்டு, வேகாத மாவு மாதிரி பல்லில் ஒட்டும். முழு ரொட்டி ஒன்று ஆற ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். "இன்னும் அறுக்க முடியாதுங்க, ஆறலை" என்று கடைக்காரர் சொன்னால் அவர் சோம்பேறி இல்லை, ரொட்டி தெரிந்தவர். அப்படிச் சொல்கிற கடையை நம்பலாம். வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காகச் சூட்டோடு மெஷினில் விட்டு அறுத்துக் கொடுக்கிற கடையைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை.

சிறிய பன் கால் மணி நேரத்தில் ஆறிவிடும், வெதுவெதுப்பாகவே தின்னலாம். நம்மை இழுக்கிற அந்த வாசனை ரொட்டியின் உள்ளிருந்து வருவதில்லை. மேலோடு சிவக்கும்போது சர்க்கரையும் புரதமும் சூட்டில் வினைபுரிந்து உண்டாவது அது. 1912-இல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயரிலேயே மையார் வினை என்கிறார்கள். மேலோட்டில் மணக்கும் முக்கியமான சேர்மம்தான் பாஸ்மதி அரிசியிலும் மணக்கிறது. ஆகவே வாசனை பிடித்தவர்கள் மேலோடு நன்றாகச் சிவந்த ரொட்டியைக் கேட்டு வாங்குங்கள். வெளுத்த ரொட்டியில் அந்த வாசனை குறைவாகத்தான் இருக்கும்.

வரிசையில் நிற்கிற நேரம்

இது வீணான நேரம் இல்லை. முதலில், எது எந்த வரிசை என்று பாருங்கள். பல கடைகளில் பில் போடும் இடம் ஒன்று, பொருள் வாங்கும் இடம் இன்னொன்று. ஆர்டர் கேக் வாங்குகிறவர்களுக்குத் தனி வாசலே இருக்கும். தப்பான வரிசையில் இருபது நிமிஷம் நின்றவர்கள் ஏராளம். கடையில் டோக்கன் முறை உண்டா, நாமே ட்ரேயும் இடுக்கியும் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதையும் முன்னால் போகிறவர்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நாமே எடுக்கிற கடையில் ஒரு தடவை இடுக்கியால் தொட்டதைத் திரும்ப வைக்கக் கூடாது. கையால் அழுத்திப் பார்ப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து, வெளியே வருகிறவர்களின் கையைப் பாருங்கள். பையில் என்ன நீட்டிக்கொண்டிருக்கிறது? பத்துப் பேரில் ஏழு பேர் ஒரே பண்டத்தை வாங்கிப் போனால், கடையின் கைப்பக்குவம் அதில்தான் இருக்கிறது. அது பலகையில் பெரிய எழுத்தில் எழுதியதாக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் வெளியே மின்விளக்குப் போட்டு விளம்பரம் செய்தது ஒரு வண்ணக் கேக்கை. தினமும் தீர்ந்துபோனதோ மேலே ஒன்றுமே தடவாத பால் பன்.

பெட்டிக்கு அருகில் வந்ததும் நிறைந்த ட்ரேயை விட்டுவிட்டுக் காலி ட்ரேயைப் பாருங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பதினோரு மணிக்கு ஒரு ட்ரேயில் பொடியும் எண்ணெய்க் காகிதமும் மட்டும் கிடக்கிறது, பக்கத்து ட்ரேயில் அடுக்கியது அடுக்கியபடி இருக்கிறது என்றால் சங்கதி விளங்கிவிடும். காலியானது மறுபடி எப்போது வரும் என்று கேளுங்கள். நிறைந்திருப்பதை வாங்க அவசரம் வேண்டாம். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: இப்போதுதான் வந்த ட்ரேயும் நிறைந்துதான் இருக்கும். வித்தியாசம் காண, அடியில் விரித்த காகிதத்தைப் பாருங்கள். புதிதாக வந்த ட்ரேயில் காகிதம் வெள்ளையாக இருக்கும், நெய்ப்பசை இன்னும் பரவியிருக்காது. நேரம் ஆக ஆக ஒவ்வொரு பண்டத்தைச் சுற்றியும் ஒரு ஈர வளையம் விரியும்.

சிலர் "முன்னாடி இருக்கறது வேண்டாம், பின்னாடி இருக்கறதைக் குடுங்க" என்பார்கள். பழையதை முன்னால் தள்ளிப் புதியதைப் பின்னால் வைப்பது கடை வழக்கம்தான். ஆனால் ஒரே ட்ரேயில் ஒரே நேரத்தில் வந்தவற்றில் முன் என்ன, பின் என்ன? கவுன்டரில் இருப்பவரின் பொறுமைதான் குறையும்.

என்ன கேட்பது

"எது நல்லா இருக்கும்?" என்று கேட்காதீர்கள். "எல்லாமே நல்லா இருக்கும்" என்ற ஒரே பதில்தான் வரும். வேறென்ன சொல்வார்கள், பாவம். அப்படிக் கேட்டவருக்கு நாங்கள் சில சமயம் விற்காமல் இருப்பதைத்தான் கை காட்டுவோம், முதலாளியின் கண் எங்கள் மேல் இருக்கும்.

இன்னொரு கேள்வியைக் கெட்டிக்காரத்தனமான கேள்வி என்று பலர் சொல்லித் திரிகிறார்கள்: "நீங்க வீட்டுக்கு எதை எடுத்துட்டுப் போவீங்க?" அதற்கு உண்மையான பதில், ராத்திரி எது மிச்சமாகிறதோ அது. நல்லது என்பதற்காக யாரும் எடுத்துப் போவதில்லை.

பயன்படுகிற கேள்விகள் இரண்டு. "கடைசியா அடுப்புல இருந்து வந்தது எது?" என்பது ஒன்று. இதற்குப் பொய் சொல்ல யாருக்கும் அவசியம் இல்லை, யோசிக்கவும் வேண்டியதில்லை. "தினமும் முதல்ல தீர்ந்து போறது எது?" என்பது இன்னொன்று. இந்தக் கேள்வியைக் கேட்டதும் கவுன்டரில் இருப்பவரின் முகமே மாறும். நீங்கள் வெறுமனே வாங்கிப் போக வரவில்லை, கடையைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறீர்கள் என்று புரிந்துவிடும். "அக்கா, அது பத்து மணிக்கெல்லாம் முடிஞ்சிடும், நாளைக்கு வேணும்னா சொல்லுங்க, ரெண்டு எடுத்து வைக்கிறேன்" என்று அவரே சொல்வார். அப்படி எடுத்து வைக்கச் சொன்னால் மறக்காமல் போய்விடுங்கள். சொல்லிவிட்டு வராதவரை எந்தக் கவுன்டரும் மறக்காது.

பொருளைக் காட்டும்போது கண்ணாடியில் விரலை வைத்து "அது" என்றால், உள்ளே நிற்பவருக்கு உங்கள் விரல் வேறு ஒன்றைக் காட்டும். அவர் நிற்கிற கோணம் வேறு. "இரண்டாவது தட்டு, இடமிருந்து மூணாவது" என்று சொன்னால் ஒரு நிமிஷம் மிச்சம். பெயர் வாயில் நுழையவில்லை என்றால் அதற்காக வெட்கப்படாதீர்கள். அதைப் பத்து விதமாக உச்சரித்துக் கேட்டிருக்கிறோம், எல்லோருக்கும் சரியான பண்டத்தைத்தான் கொடுத்தோம்.

எவ்வளவு வாங்குவது? கொஞ்சம். அலங்காரம் எதுவும் இல்லாத ரொட்டி ஒன்று, தினமும் முதலில் தீர்வதாகச் சொன்னது ஒன்று, அங்கேயே நின்று தின்ன ஒன்று. ஒரு கடையின் கை சாதா ரொட்டியில் தெரிந்துவிடும். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. க்ரீமும் சாக்லேட்டும் நிறையக் குறைகளை மூடி மறைக்கும்.

கையில் வாங்கியதும்

ரொட்டியின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் சந்தோஷமாகத் திருப்பிக் காட்டுவார். மேற்பக்கத்தில் முட்டையோ பாலோ பூசி நிறம் வரவழைத்துவிடலாம், அடிப்பக்கத்தில் முடியாது. சீராகப் பழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் வேக்காடு போதவில்லை. கருகியிருந்தால் அடுப்பின் அடிச்சூடு அதிகம். வாங்கிய பிறகு அந்த அடியை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், மேலோடு கெட்டியான முழு ரொட்டி என்றால் உள்ளே கூடு மாதிரி டொக் டொக்கென்று சத்தம் வரும். சத்தம் அமுங்கிக் கேட்டால் உள்ளே ஈரம் அதிகம். மெத்தென்ற சாண்ட்விச் பிரெட்டுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது.

பழுப்பு நிற பிரெட் எல்லாம் முழுக் கோதுமை என்று நினைக்காதீர்கள். மைதாவோடு கொஞ்சம் மால்ட்டோ கேரமல் நிறமோ சேர்த்தாலும் அந்த நிறம் வந்துவிடும். முழுக் கோதுமை என்றால் துண்டில் தவிட்டுப் பொட்டுகள் தெரியும், கொஞ்சம் கனமாக இருக்கும். பாக்கெட்டில் அடைத்த பிரெட்டாக இருந்தால் பின்பக்கம் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகத்தான் அச்சிடுவார்கள். முதலில் மைதா வந்து, முழுக் கோதுமை மாவு சர்க்கரைக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தால் அது நிறத்துக்கும் பெயருக்கும்தான். புளித்த மாவு ரொட்டி என்று எழுதியிருக்கும் கடைகளில் "ஈஸ்ட் தனியா சேர்ப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மாவில் தானாக வளரும் ஈஸ்ட்டையும் லாக்டிக் அமில பாக்டீரியாவையும் வைத்துப் பொறுமையாகப் புளிக்க வைப்பதுதான் அந்த ரொட்டி. கடை ஈஸ்ட் போட்டு வேகமாக உப்ப வைத்து, புளிப்புக்குக் கொஞ்சம் பழைய மாவு கலப்பவர்களும் உண்டு. தின்னக் கூடாதது ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டாமே.

அங்கேயே நின்று தின்ன நான் எப்போதும் க்ராய்சன்ட் மாதிரி அடுக்கு மாவுப் பண்டத்தைத்தான் சொல்வேன். காரணம், வெண்ணெயா வேறு கொழுப்பா என்பதை நாக்கு உடனே சொல்லிவிடும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகும், அதாவது வாய்ச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே. வாயில் போட்டதும் கரைந்து போய்விடும். அடுக்கு மாவுக்கென்று செய்கிற மார்ஜரின் பல 40 டிகிரிக்கு மேல்தான் முழுதாக உருகும். வாய் அவ்வளவு சூடாக இல்லை என்பதால், தின்று முடித்த பிறகும் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒரு படலம் நிற்கும். நாக்கை மேலே தேய்த்துப் பாருங்கள், தெரியும். வெளித்தோற்றத்திலும் ஒரு விஷயம்: மாவுக்குள் வெண்ணெய்ப் பாளத்தை வைத்து மும்மடிப்பாக மூன்று தடவை மடித்தால் 27 வெண்ணெய் அடுக்கு வரும். நன்றாக வந்த க்ராய்சன்ட்டைக் குறுக்கே பிய்த்தால் பெரிய பெரிய அறைகளாகக் கண்ணுக்குத் தெரியும். வெண்ணெய் நடுவில் உருகி மாவோடு கலந்துவிட்டிருந்தால் உள்ளே சாதாரண பன் மாதிரி பஞ்சாக இருக்கும். மேலோடு நொறுங்கிச் சட்டையெல்லாம் பொடி சிந்த வேண்டும். சிந்தாமல் சவ்வு மாதிரி இழுபட்டால் அது காலையில் வந்தது, இப்போது ஈரம் ஏறிவிட்டது.

கேக் துண்டு வாங்குகிறவர்கள் மேலே பார்ப்பதை விட்டுவிட்டு, வெட்டிய பக்கத்தைப் பாருங்கள். மேலே ஜெல் பூசி எத்தனை நாளானாலும் மினுக்க வைக்கலாம். வெட்டிய பக்கம் காற்றுப்பட்டுக் காய்ந்து, ஓரத்தில் நிறம் மாறி, க்ரீமில் விரிசல் விட்டிருந்தால் வேண்டாம்.

முதல் வருகையிலேயே பிறந்தநாள் கேக் ஆர்டர் கொடுக்க வேண்டியிருந்தால், அதே வகையில் ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டுக் கொடுங்கள். படத்தைக் காட்டி ஆர்டர் கொடுப்பவர்கள் ருசியை மறந்துவிடுகிறார்கள். அடியில் வைக்கும் அட்டையைச் சேர்த்தா சேர்க்காமலா எடை போடுவார்கள் என்று கேளுங்கள். க்ரீம் பால் க்ரீமா, தாவரக் கொழுப்பில் செய்ததா என்று கேளுங்கள், இரண்டுக்கும் ருசி ஏணி வைத்தாலும் எட்டாது. பெயரை வாயால் சொல்லாமல் தெளிவாக எழுதிக் கொடுங்கள், எழுத்து பிசகினால் அந்தக் கூட்டத்தில் யார் தப்பு என்று வாதாட முடியாது. வண்டியில் கொண்டு போகும்போது மடியில் வைக்காதீர்கள். மடி சரிவு, உடம்புச் சூடு வேறு. கீழே சமதளத்தில் வைப்பதுதான் சரி. க்ரீம் கேக்கைக் குளிரில்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

வீட்டில் யாருக்காவது கொட்டைகள், முட்டை, பால், எள் என்று ஏதாவது ஒவ்வாது என்றால் பண்டத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே இடுக்கி, ஒரே ட்ரே, ஒரே கத்தி எல்லாவற்றுக்கும் போகும். "இதுல முட்டை இருக்கா?" என்று கேட்பதோடு "இதே இடத்துல முட்டை போட்டதும் செய்வீங்களா?" என்றும் கேளுங்கள். கோதுமையே ஆகாத சீலியாக் நோயாளிகளுக்கு, கோதுமை மாவு பறக்கிற சாதாரண பேக்கரியில் செய்த எதுவும் வேண்டாம், பலகையில் என்ன எழுதியிருந்தாலும்.

சில்லறை விஷயம் ஒன்று. டஜன் வாங்கினால் ஒன்று கூடுதலாகக் கேட்கலாமா என்று கூச்சப்படுவார்கள். ஆங்கிலேயர்கள் பதின்மூன்றைப் பேக்கரிக்காரரின் டஜன் என்பார்கள். 1266-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ரொட்டியின் எடைக்குச் சட்டம் வந்தது, எடை குறைந்தால் தண்டனை உண்டு, அதற்குப் பயந்து ஒன்று சேர்த்தே கொடுத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இப்போது அந்தப் பயம் எல்லாம் கிடையாது. கேட்டுப் பாருங்கள், கடை மூடுகிற நேரமாக இருந்தால் கிடைத்தாலும் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

நல்ல ரொட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் வாங்கியவரின் ஃப்ரிட்ஜ்தான். ரொட்டி காய்ந்துதான் பழசாகிறது என்று நினைத்து, ஈரம் போகாமல் மூடி உள்ளே வைக்கிறார்கள். 1852-லேயே பூசெங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, காற்றுப் புகாமல் மூடி, ஈரமே இழக்காத ரொட்டியும் பழசாகத்தான் செய்கிறது என்று காட்டிவிட்டார். வெந்தபோது இளகிய மாவுச்சத்து மறுபடி படிகமாக இறுகுவதுதான் காரணம். அது மிக வேகமாக நடப்பது 4 டிகிரிக்கு அருகில், அதாவது ஃப்ரிட்ஜின் சாதாரணக் குளிரில். வெளியே வைத்தால் ஒன்றிரண்டு நாள் மெத்தென்று இருக்க வேண்டிய பிரெட், ஃப்ரிட்ஜில் ஒரே நாளில் கட்டை தட்டிவிடும்.

ஆகவே, இரண்டு நாளில் தீர்ந்துவிடும் அளவை வெளியே வையுங்கள். மெத்தென்ற பிரெட்டையும் பன்னையும் மூடிய பையில் வைக்கலாம். மேலோடு மொறுமொறுப்பான ரொட்டியைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் மேலோட்டுக்கு ஏறி அது தோல் மாதிரி ஆகிவிடும். அதற்குக் காகிதப் பைதான். வெட்டிய முனை கீழே படும்படி பலகையில் கவிழ்த்து வைத்தாலே போதும். மிச்சத்தை வாங்கிய அன்றைக்கே துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் இறுகுகிற வேலை ஏறக்குறைய நின்றுவிடும். வேண்டும்போது துண்டுகளை நேராக டோஸ்டரில் போடலாம், உருகக் காத்திருக்க வேண்டாம்.

துண்டு போட்டு வாங்குவதா, முழுசாக வாங்குவதா என்று கேட்டால், சாப்பிடுகிற ஆள் குறைவாக இருக்கிற வீட்டுக்கு முழுசு. வெட்டிய பரப்பு அதிகமானால் காய்வதும் பூஞ்சை பிடிப்பதும் சீக்கிரம். அமெரிக்காவில் ஓட்டோ ரோவெடர் செய்த அறுவை மெஷினில் வெட்டிய பிரெட் 1928-இல் முதன்முதலாகக் கடைக்கு வந்தபோதும் இதே பயம் இருந்தது. அறுத்த கையோடு காகிதத்தில் இறுக்கிச் சுற்றித்தான் விற்றார்கள். பதப்படுத்தும் கால்சியம் புரோப்பியோனேட் சேர்க்காத பேக்கரி ரொட்டி, புழுக்கமான நாளில் மூன்றாம் நாளே பூஞ்சை பிடிக்கும். மெத்தென்ற பிரெட்டில் பச்சைப் பொட்டு தெரிந்த துண்டை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மற்றதைத் தின்னாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இழை உள்ளே ஓடியிருக்கும். முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பூஞ்சை இல்லை, வெறுமனே கட்டை தட்டிவிட்டது என்றால் மீட்கலாம். இறுகிய மாவுச்சத்து 60 டிகிரிக்கு மேல் சூடானால் மறுபடி இளகும். முழு ரொட்டியின் மேல் தண்ணீரைக் கையால் தெளித்து, 180 டிகிரி அடுப்பில் எட்டுப் பத்து நிமிஷம் வையுங்கள். மேலோடு மொறுமொறுக்கும், உள்ளே மெத்தென்று ஆகும். உடனே தின்றுவிட வேண்டும், ஆறினால் முன்னைவிடக் கட்டையாகிவிடும். மைக்ரோவேவில் வைத்தால் இருபது நொடிக்கு மேல் வேண்டாம், ரப்பராகிவிடும்.

வாங்கியதில் குறை இருந்தால் மறுநாளே பில்லோடும் மிச்சத் துண்டோடும் போங்கள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, என்ன குறை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்லாவே இல்லை" என்றால் உள்ளே அடுப்படியில் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "நடுவுல மாவு வேகலை, காலைல எட்டு மணிக்கு வாங்கினது" என்றால் எந்த ட்ரே, எந்த நேரம் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பெரும்பாலான கடைகளில் வேறு ஒன்று கொடுத்து அனுப்புவார்கள்.